ரீமாஸ்டர் செய்த ராக் இசைத்தட்டு: எது சத்தம், எது தரம்?

தி ஹூ ராக் குழு 1970 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் கச்சேரி செய்தது. அதே ஆண்டு அது ‘லைவ் அட் லீட்ஸ்’ என்ற இசைத்தட்டாக வந்தபோது, தட்டின் லேபிளிலேயே கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: இடையில் கேட்கும் படபடப்பு இருக்கட்டும், திருத்த வேண்டாம். பதிவின்போது கேபிளில் நேர்ந்த கோளாறால் நாடாவில் ஏறிவிட்ட ஒலிகள் அவை. 1995இல் அந்தக் கச்சேரியை மறுபடி கலந்து வெளியிட்டபோது, டிஜிட்டல் முறையில் அந்தப் படபடப்பைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். ஒரே இரவு, ஒரே வாசிப்பு, கேட்க இரண்டு வேறு ஒலிகள். எது உசத்தி என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

வினைல் கேட்கப் புதிதாக வருபவருக்கு இந்த வாதங்கள் தலைசுற்ற வைக்கும். மூன்று வெவ்வேறு விஷயங்களை ‘சவுண்ட்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துப் பேசுவதால் வரும் குழப்பம் இது. மாஸ்டரில், அதாவது தட்டும் சிடியும் தயாரிக்க உதவும் இறுதிப் பதிவில், என்ன செய்தார்கள் என்பது ஒன்று. அதைத் தட்டில் எப்படி வெட்டினார்கள் என்பது இன்னொன்று. நீங்கள் இருக்கும் இடத்தில் காற்று எவ்வளவு பலமாக அதிர்கிறது என்பது மூன்றாவது. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், ஒரு தட்டு ஏன் களைப்பூட்டுகிறது, ஒரு கச்சேரி ஏன் காதைப் பதம் பார்க்கிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ரீமாஸ்டரும் ரீமிக்ஸும்

ஸ்டுடியோவில் டிரம்ஸ், கிதார், குரல் எல்லாம் தனித்தனி டிராக்குகளாகப் பதிவாகின்றன. அவற்றை அளவு பார்த்துச் சேர்த்து இரண்டு சேனல் ஸ்டீரியோவாக்குவது மிக்ஸிங். அந்த ஸ்டீரியோ நாடாவை எடுத்து, பாட்டுக்குப் பாட்டு அளவு ஒத்துப்போகும்படி செய்து, பேஸையும் (தாழ்ந்த ஒலி) ட்ரெபிளையும் (உச்ச ஒலி) கொஞ்சம் சீர்செய்து, தட்டுக்கோ சிடிக்கோ போகத் தயாராக்குவது மாஸ்டரிங். ஆகவே ரீமாஸ்டர் என்றால் முடிந்த கலவையை மீண்டும் மெருகேற்றுவது மட்டுமே. கிதாரை மட்டும் கூட்டவோ குரலை மட்டும் குறைக்கவோ அங்கே வழியில்லை. அப்படி ஏதாவது மாறியிருப்பது காதில் பட்டால் அது ரீமிக்ஸ். அட்டையில் ‘ரீமாஸ்டர்’ என்று மட்டும் போட்டிருந்தாலும் சரிதான்.

நல்ல ரீமாஸ்டரின் பலன் பெரும்பாலும் நாடாவை ஓட்டும் கட்டத்திலேயே கிடைத்துவிடுகிறது. வாசிக்கும் தலை நாடாவுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அந்தக் கோணம் இம்மி பிசகினாலும் உச்ச ஒலிகள் மங்கிவிடும். டால்பி இரைச்சல் குறைப்பு போட்டுப் பதிந்த நாடாவை அதே அளவில் பிரித்தெடுக்காவிட்டால் ஒன்று கூசும், இல்லையென்றால் அமுங்கும். 1970களின் நடுவிலிருந்து வந்த சில நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுத்துவிட்டது. அவற்றை அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்து தலையில் ஒட்டிக்கொள்ளும். சுமார் 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் மெதுவாகச் சூடாக்கி உலர்த்திய பிறகே வாசிக்க முடியும். இதெல்லாம் பொறுமையாகச் செய்யப்பட்ட ரீமாஸ்டரில், முன்பு புகைமூட்டமாக இருந்த சிம்பலும் மூச்சும் தெளிந்து கேட்கும். அந்த உழைப்புக்குக் காசு கொடுக்கலாம். பிரச்சினை அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது.

சத்தம் எப்படிக் கூட்டப்படுகிறது

டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் எந்த அலையும் எழும்ப முடியாது. ஒரு ராக் பாட்டில் ஸ்னேர் டிரம்மின் அடி கூரையைத் தொடுகிறது என்று வையுங்கள். மற்ற வாத்தியங்களின் சராசரி அளவு அதற்கு 14 டெசிபல் கீழே ஓடுகிறது. இந்த இடைவெளிதான் அடிக்கு ‘அடி’ என்ற உணர்வைத் தருகிறது. பாட்டை இன்னும் சத்தமாக்க வேண்டும், ஆனால் கூரையை உயர்த்த முடியாது. அதனால் லிமிட்டர் என்ற கருவியால் ஸ்னேரின் முனைகளை மழித்துவிட்டு மொத்தத்தையும் மேலே தூக்குகிறார்கள். இடைவெளி 14இலிருந்து 7 அல்லது 6 ஆகிறது. சராசரி கூடிவிட்டது, ஸ்னேர் செத்துவிட்டது. இன்னும் தூக்கினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். அதுதான் க்ளிப்பிங். காதில் அது கரகரப்பாகவும், உயர்ந்த அளவில் மணல் தேய்ப்பது போலவும் படும்.

டெசிபல் கணக்கை இங்கேயே மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. 3 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. ஆனால் காதுக்கு அந்த 10 டெசிபல் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத்தான் தெரியும்.

தூக்கிய மாஸ்டர் முதலில் ஏன் பிடித்துப்போகிறது என்பதற்கு விடை 1933இலேயே கிடைத்துவிட்டது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும், குறைந்த அளவில் காது பேஸையும் உச்ச ஒலியையும் சரியாகப் பிடிப்பதில்லை, அளவு கூடக்கூட அவை நிறைந்து கேட்கின்றன என்று அளந்து காட்டினார்கள். எனவே ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளில் ஒன்றை 1 டெசிபல் கூட்டி வைத்தால் போதும், பெரும்பாலானோர் அதையே ‘தெளிவு’ என்று தேர்ந்தெடுப்பார்கள். பத்து நொடி ஒப்பீட்டில் தூக்கிய மாஸ்டர் ஜெயிக்கும். நாற்பது நிமிடம் உட்கார்ந்து கேட்டால் தோற்கும்.

இப்படிப் போட்டி போட்டு மாஸ்டரின் சத்தத்தைக் கூட்டுவதன் பெயர்தான் சத்தப் போர். 1973இல் வந்த ஸ்டூஜஸின் ‘ரா பவர்’ ஆல்பத்தை 1997இல் அந்தக் குழுவின் பாடகர் இகி பாப் மறுபடி கலந்தபோது வேண்டுமென்றே கூரைக்கு மேல் தள்ளினார். அது அவர் விரும்பிய அழகியல். ஆனால் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னட்டிக்’ 2008இல் வந்தபோது ரசிகர்களே கோபப்பட்டார்கள். அதே பாடல்கள் கிதார் ஹீரோ வீடியோ விளையாட்டுக்காகவும் தரப்பட்டிருந்தன. அந்த வடிவம் இவ்வளவு நசுக்கப்படவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டவர்களுக்குக் குற்றம் இசையிலோ பதிவிலோ இல்லை என்பது பளிச்சென்று தெரிந்துபோனது. ரஷ் குழு 2002இல் வெளியிட்ட ‘வேப்பர் டிரெய்ல்ஸ்’ ஆல்பத்தின் கதி இன்னும் மோசம். நெரிசல் கலவையிலேயே இருந்ததால் மாஸ்டரை மட்டும் திருத்திப் பயனில்லை. 2013இல் முழு ஆல்பத்தையும் மறுபடி கலந்து வெளியிட்டார்கள்.

வினைலில் இது என்னவாகிறது

வினைலில் டிஜிட்டல் கூரை கிடையாது, அதனால் வினைல் தானாகவே நசுங்காத ஒலி தரும் என்று பலர் நம்புகிறார்கள். பாதி உண்மை இது. தட்டின் எல்லைகள் வேறு வகையானவை, இயந்திரத்தின் எல்லைகள்.

பள்ளம் பக்கவாட்டில் நெளிவதுதான் ஒலி. பேஸ் பெரிய நெளிவு, ட்ரெபிள் சிறிய வேகமான நெளிவு. பேஸை அப்படியே வெட்டினால் ஒரு பள்ளம் அடுத்த பள்ளத்துக்குள் போய் விழும். அதனால் வெட்டும்போது 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் குறைத்து, 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் கூட்டுகிறார்கள். 1950களின் நடுவில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வகுத்த ஆர்ஐஏஏ வளைவு இதுதான். ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் உங்கள் ஃபோனோ ப்ரீஆம்ப் அதை நேர் எதிராகத் திருப்பிப் போடுகிறது. இடது, வலது சேனல்களில் பேஸ் மாறுபட்டால் ஊசி மேலும் கீழும் குதிக்கும். ஆகவே சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மோனோவாக்குவது வழக்கம். ‘ஸ்’ ஒலி கூசினால் வெட்டும் தலையின் சுருள் சூடேறும். அதைத் தனியாக அடக்க வேண்டும்.

புதியவர்கள் அடிக்கடி கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. முனை மழிக்கப்பட்டுத் தொடர்ந்து உச்சத்திலேயே ஓடும் மாஸ்டரைத் தட்டில் வெட்டும்போது, பள்ளம் ஓய்வில்லாமல் அகல இடம் கேட்கிறது, தலைக்கும் ஓய்வில்லை. வெட்டுபவர் அளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். விளைவு, சிடியில் மிகச் சத்தமாக இருந்த மாஸ்டர் தட்டில் மெலிந்து வருகிறது. நசுங்கிய இசை அப்படியே இருக்கிறது, கூடவே தட்டின் மேற்பரப்பு இரைச்சலும் கேட்கிறது. இரண்டிலும் நஷ்டம்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ‘லெட் செப்பெலின் 2’. 1969இல் மாஸ்டரிங் பொறியாளர் ராபர்ட் லட்விக் அதை மிகப் பலமாக வெட்டினார். மலிவான பிளேயர்களில் ஊசி தாவியதால் அந்த வெட்டைக் கைவிட்டு அடக்கமாக வெட்டியதை அச்சிட்டார்கள். கடைசிப் பாட்டுக்குப் பின்னுள்ள வெற்றுப் பகுதியில் ‘ஆர்எல்’ என்று கீறிய அந்த முதல் வெட்டைத்தான் சேகரிப்பவர்கள் இன்று தேடி அலைகிறார்கள். பள்ளம் பலமாக இருப்பதும் இசை நசுங்கியிருப்பதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஒரு பக்கத்தின் நீளத்தையும் பாருங்கள். 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடம் வரை வசதியான அளவு. 25 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்க வேண்டும், அளவும் பேஸும் குறையும். 50 நிமிட ஆல்பத்தை ஒரே தட்டில் அடைத்த மறுபதிப்பைவிட, இரண்டு தட்டுகளில் விரித்துப் போட்டது நன்றாகக் கேட்க இதுவே காரணம்.

உள்வட்டத்துக்குப் போகும்போது இன்னொரு சிக்கல். தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியின் கீழே நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. கடைசிப் பாட்டில் 21 செ.மீ.தான். அங்கே 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு நெளிவு 21 மைக்ரான் நீளத்துக்குள் அடங்க வேண்டும். சாதாரணக் கூம்பு ஊசியின் முனை ஆரமே 15 முதல் 18 மைக்ரான். அந்த வளைவுக்குள் அது நுழைவதில்லை, மேலேறிச் சறுக்குகிறது. கடைசிப் பாட்டில் ‘ச’, ‘ஸ’ எல்லாம் எச்சில் தெறிப்பது போலக் கேட்பது இதனால்தான். மெல்லிய முனையுள்ள ஊசி இதை வெகுவாகக் குறைக்கும்.

‘டிஆர் அளவு’ என்று இணையத்தில் உலவும் எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் எண் அது. ஒரே ஆல்பத்தின் சிடிக்கு 6 என்றும், தட்டிலிருந்து பதிவெடுத்ததற்கு 11 என்றும் காட்டும். உடனே தட்டுக்குத் தனி மாஸ்டர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வெட்டும் தலை, ஊசி, ப்ரீஆம்ப் எல்லாமே அலையின் கட்டத்தை (ஃபேஸ்) சற்று நகர்த்துகின்றன. தட்டையாக வெட்டுப்பட்ட முனை அதனால் சாய்ந்து, புதிதாகக் கூர்முனை முளைத்தது போல அளவியில் தெரியும். இழந்த ஸ்னேர் அடி திரும்பி வந்துவிடாது. இந்த எண்ணை நம்பித் தட்டு வாங்குவது வீண்.

எதைப் பார்த்து வாங்குவது, எப்படி ஒப்பிடுவது

180 கிராம் என்ற ஸ்டிக்கர் தட்டின் எடையைச் சொல்கிறது, ஒலியைச் சொல்வதில்லை. கனமான தட்டு எளிதில் வளையாது, அவ்வளவே. மூலம் எது, வெட்டியவர் யார் என்ற தகவல்தான் பயன்படும். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வெற்றுப் பகுதியில் கீறப்பட்ட எழுத்துகளைச் சாய்வான வெளிச்சத்தில் படியுங்கள். ‘ஸ்டெர்லிங்’ என்றால் முன்பு நியூயார்க்கில் இருந்த ஸ்டெர்லிங் சவுண்ட் ஸ்டுடியோ, ‘போர்க்கி’ என்றால் தட்டு வெட்டும் பொறியாளர் ஜார்ஜ் பெக்கம், ‘கேபிஜி’ என்றால் அதே துறையின் கெவின் கிரே. ‘டிஜிட்டல்’ என்ற சொல்லைக் கண்டதும் ஒதுக்கவும் தேவையில்லை. பீட்டில்ஸின் 2012 ஸ்டீரியோ தட்டுகள் டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து வெட்டப்பட்டவை, 2014 மோனோ தட்டுகள் நேரே நாடாவிலிருந்து. மோனோ வரிசைக்குத்தான் பாராட்டு அதிகம். ஆனால் டிஜிட்டல் கட்டம் இருந்தும் அருமையாகக் கேட்கும் தட்டுகள் ஏராளம், நாடாவிலிருந்தே வெட்டியும் சொதப்பியவையும் உண்டு. கையின் திறமை வழியைவிடப் பெரிது.

வாங்கும் முன் செலவில்லாத சோதனை ஒன்று. ஸ்ட்ரீமிங் செயலியில் ஒலியளவைச் சமன்செய்யும் வசதியை இயக்குங்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற சராசரிக்கு எல்லாவற்றையும் கொண்டுவருகிறது. பழைய மாஸ்டரும் புதிய மாஸ்டரும் இருந்தால் இப்போது மாற்றி மாற்றிக் கேளுங்கள். சத்தத்தின் லஞ்சம் போய்விட்டது. புதியதில் டிரம்ஸ் பின்னால் போய், எல்லாம் ஒரே சுவராகத் தெரிந்தால், அந்த மாஸ்டரிலிருந்து வந்த தட்டும் அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் இரண்டு தட்டுகளை ஒப்பிடும்போதும் முதல் வேலை அளவைச் சமன்செய்வது. வெட்டிய அளவிலேயே 3, 4 டெசிபல் வித்தியாசம் சர்வசாதாரணம். பாட்டின் ஒரே பகுதியை ஓட்டி, சவுண்ட் மீட்டரை சி அளவீட்டில் (பேஸையும் ஏறக்குறைய முழுதாகக் கணக்கிடும் நிலை), மெதுவான நிலையில் வைத்து, அரை டெசிபலுக்குள் ஒத்துவரும்படி குமிழைத் திருப்புங்கள். அதன் பிறகு கேட்பதே கேட்பது.

அதற்கும் முன்பு ஊசி சரியாக இருக்க வேண்டும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் தயாரிப்பாளர் சொன்ன எடை, அதாவது ஊசி தட்டை அழுத்தும் எடை, சரியாக இருக்கிறதா என்று தராசு வைத்து அளந்து வையுங்கள். பல மூவிங் மேக்னட் (உள்ளே காந்தம் அசையும்) வகைகளுக்கு அது 2 கிராமை ஒட்டி இருக்கும். தட்டு தேயும் என்று பயந்து எடையைக் குறைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. எடை போதாத ஊசி பலமான இடங்களில் சுவரை விட்டு எகிறி, திரும்ப விழும்போது பள்ளத்தைக் கொத்துகிறது. கோணத்தைச் சரிபார்க்கக் காகித அளவுகோல் போதும். பரவலாகப் பயன்படும் பேர்வால்ட் முறையில் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் அளவுகோலின் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும்.

குறை எங்கே என்று கண்டுபிடிப்பது பிறகு எளிது. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. 1.8 நொடிக்கு ஒருமுறை திரும்ப வரும் ‘டிக்’ கீறல். அதே இடைவெளியில் சுருதி அலைந்தால் நடுத்துளை மையம் தப்பியிருக்கிறது, தட்டை மாற்றித் தரச் சொல்லலாம். ஒரு பக்கச் சேனலில் மட்டும் துணி கிழிவது போன்ற ஒலி வந்தால், அச்சிடும்போது உருகிய வினைல் பள்ளத்தை முழுதாக நிரப்பவில்லை. கடைசிப் பாட்டில் மட்டும் கூசினால் ஊசியையும் கோணத்தையும் பாருங்கள். முதல் பாட்டிலேயே கூசினால் முனை தேய்ந்திருக்கலாம், அழுக்கும் இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் பக்கம் முழுக்கக் கரகரப்பும் களைப்பும் இருந்தால், ஸ்ட்ரீமிங்கிலும் அப்படியே கேட்டால், அது மாஸ்டரின் குறை. எந்த ஊசியாலும் அதைத் தீர்க்க முடியாது.

கச்சேரியின் சத்தம்

கச்சேரியில் கிடைக்கும் அந்தப் பிரம்மாண்டத்தைத் தட்டுக்குள் கொண்டுவரும் ஆசைதான் சத்தப் போருக்கு ஒரு மூலகாரணம். ஆனால் அந்த உணர்வு வருவது காற்றின் உண்மையான அழுத்தத்திலிருந்து. பேஸ் மார்பைத் தட்டுவதும், ஃப்ளெட்சர்–மன்சன் சொன்னபடி இரு முனை ஒலிகளும் நிறைந்து கேட்பதும் அந்த அழுத்தத்தால் வருகின்றன. மாஸ்டரை நசுக்குவதால் அது கிடைக்காது. இடைவெளி காக்கப்பட்ட தட்டைப் போட்டுக் குமிழைத் திருப்பினால் ஓரளவு கிடைக்கும்.

ராக் கச்சேரி ஏன் அவ்வளவு சத்தம்? சிறிய அரங்கில் டிரம்ஸே அடிமட்டத்தைத் தீர்மானித்துவிடுகிறது. அது எந்த மைக்கும் இல்லாமல் 100 டெசிபலைத் தாண்டும். குரல் அதற்கு மேல் கேட்க வேண்டும், கிதார் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். திறந்தவெளியில் தூரம்தான் எதிரி. 100 வாட் கிதார் ஆம்ப் ஒன்று 1 மீட்டரில் 120 டெசிபல் தரும் என்று வைத்துக்கொண்டால், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் கழிந்து 32 மீட்டரில் 90தான் மிஞ்சும். 1976 மே 31 அன்று லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் தி ஹூ கச்சேரியில் 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபல் அளந்ததாகக் கின்னஸ் பதிவுசெய்தது. அந்தத் தூரத்தில் அவ்வளவு வர எத்தனை ஸ்பீக்கர் அடுக்கியிருப்பார்கள் என்று இந்தக் கணக்கிலிருந்தே ஊகிக்கலாம். செவிக்குக் கேடு வரும் போட்டியை ஊக்குவிக்கக்கூடாது என்று பின்னாளில் கின்னஸ் அந்தப் பிரிவையே கைவிட்டது.

காதுக்குக் கேடு அளவால் மட்டும் வருவதில்லை, நேரமும் சேர்ந்தே கெடுக்கிறது. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த பணியிட வரம்பின்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94க்கு 1 மணி நேரம், 100க்கு 15 நிமிடம், 103க்கு ஏழரை நிமிடம். இரண்டு மணி நேரக் கச்சேரி சராசரியாக 100ஐத் தொடுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் அரங்குகளுக்குப் பரிந்துரைத்த உச்சம், 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். பிரான்சில் சட்டப்படி 102. இவை ஏ அளவீட்டில் சொல்லப்படுபவை. அது பேஸைக் குறைத்தே கணக்கிடும். ஆகவே மீட்டர் 98 என்று காட்டும்போது மார்பு அதிர்ந்தால் மீட்டர் பொய் சொல்கிறது என்று பொருளில்லை.

நிற்க நல்ல இடம் மிக்ஸிங் மேசைக்குப் பக்கம். ஒலியைக் கலப்பவர் அங்கே நின்று கேட்டுத்தான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறார். மேடைக்கு முன்னால் தரையில் வைத்த சப்வூஃபர் அடுக்குக்கு நேரே நிற்பதைத் தவிருங்கள். செவியடைப்பானை உள்ளே நுழையும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சும் டிஷ்யூவும் சில டெசிபல்தான் குறைக்கும். நுரை அடைப்பான் நன்றாகவே குறைக்கும், ஆனால் உச்ச ஒலிகளை அதிகமாக விழுங்குவதால் இசை போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். வடிகட்டி வைத்த இசைஞர் வகை எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே சீராக 15 முதல் 20 டெசிபல் குறைக்கும். 103 டெசிபல் கச்சேரி உங்கள் காதில் 85க்குப் பக்கத்தில் வரும், சிம்பலும் தெளிவாகக் கேட்கும். நுரை வகை என்றால் விரலால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செருகி, நுரை விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பலனில்லை.

அடைப்பான் இல்லாமல் இருந்துவிட்டு வெளியே வரும்போது காதில் ரீங்காரமும் பஞ்சடைத்த உணர்வும் இருந்தால், கேட்கும் திறன் தற்காலிகமாக இறங்கியிருக்கிறது. உச்ச ஒலிகள்தான் முதலில் போகும். அமைதியான இடத்தில் ஓய்வு கொடுங்கள். ஒரு நாள் கழிந்தும் ரீங்காரம் போகாவிட்டால் காது மருத்துவரைப் பாருங்கள். அரங்கிலேயே ரீமாஸ்டர் தட்டு வாங்கியிருந்தால் அன்றிரவே போட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எல்லாத் தட்டும் அன்றிரவு மந்தமாகத்தான் கேட்கும். உறையிலேயே இருக்கட்டும், இரண்டு நாள் கழித்து எடுங்கள்.